நாற்காலி, முக்காலி, தறிக்குழி

வாலாஜா ரோடு ரயில்வே ஸ்டேஷனுக்குத் தென்னிந்திய ரயில் சரித்திரத்தில் ஒரு தனி ஸ்தானம் உண்டு. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி சென்னை ராயபுரத்தை விட்டுப் புறப்பட்ட தென்னாட்டின் முதல் பிரயாணி வண்டி, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் ஓடி வந்து இளைப்பாறியது இந்தப் பக்கத்தில்தான். புகை கக்கிக்கொண்டு வந்த அந்த அதிசயத்தைப் பார்த்த ஜனங்கள் கன்னத்தில் போட்டுக் கொண்டார்களோ, ஓட்டம் பிடித்தார்களோ, நாம் அறியோம். இன்று அதே ஸ்டேஷனில் பொழுது புலரும் நேரத்தில் போய் நின்றால் வேறொரு காட்சியைக் காணலாம். தோளிலே கம்ப்யூட்டர்ப் பை தொங்க, கண்ணிலே தூக்கம் தொங்க, சென்னை வண்டிக்காகக் காத்து நிற்கும் வாலிபர்களும் யுவதிகளும்தான் அந்தக் காட்சி.

ஊருக்குள் திரும்பி வாருங்கள். தெருமுனைகளில் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் இட்டுக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் பஸ்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். இன்னும் உள்ளே, நெசவாளர் தெருக்களில், பஸ்ஸும் ரயிலும் தேவைப்படாத மூன்றாவது கூட்டத்தார் தங்கள் வீட்டுக்குள்ளேயே தறிக்குழியில் இறங்கிக் காலைத் தொங்கவிட்டுக் கொண்டு, பட்டு நெய்ய ஆரம்பித்திருப்பார்கள்.

இந்த மூன்று கூட்டத்தாருக்கும் படிப்பிலோ, சம்பளத்திலோ, நடையுடை பாவனையிலோ ஒற்றுமை கிடையாது. ஆனால் சாயங்காலம் வீடு திரும்பியதும் மூவரும் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு "அம்மாடி!" என்று உட்காருகிறார்கள். அந்த இடம் இடுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும், முக்காலியில் உட்கார்ந்தவருக்கும், குழியில் உட்கார்ந்தவருக்கும் கடவுள் ஒரே மாதிரி முதுகெலும்பைத்தான் கொடுத்திருக்கிறார்.

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பிரதேசத்தில் தொழிலால் நேரும் தீங்கு என்று சொன்னால் நம் மனம் உடனே பாலாற்றுக்குப் போகிறது. போக வேண்டியதுதான். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வரலாறு 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே ஏறிவிட்டது. 2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளிகள் உள்பட 10 பேர் மாண்டதையும் தேசம் மறக்கவில்லை. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கேடுகள். கண்ணுக்குத் தெரியாமல், பத்திரிகைக்கும் வராமல், தினம் ஒரு மணியளவு என்று சேர்ந்துகொண்டே போகும் தீங்கு ஒன்று உண்டு. தேகம் ஒரே நிலையில், ஒரே அசைவில், நாள் முழுவதும் நடத்தப்படுவதால் வருகிறது அது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

தறியும் தோலும்

வாலாஜாபேட்டை, ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். 1866-லேயே முனிசிபாலிடி கண்ட பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் சங்கீத ரசிகர்களுக்கு இந்த ஊர் நவாபை நினைவூட்டுவதில்லை. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரைத்தான் நினைவூட்டுகிறது. ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்யராகிய அவர் நெசவில் பேர்போன சௌராஷ்டிர சமூகத்தைச் சேர்ந்தவர். குருநாதரின் கீர்த்தனங்களை ஏட்டில் எழுதிக் காப்பாற்றிய பரம்பரை அவருடையது. அந்தக் கையெழுத்துப் பிரதிகள் பிற்காலத்தில் மதுரைச் சௌராஷ்டிர சபையைச் சென்றடைந்தன. ஆக, குனிந்து உட்கார்ந்து நெய்வதும் குனிந்து உட்கார்ந்து எழுதுவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல.

குழித்தறியைச் சற்று ஊன்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். நெசவாளியின் இரண்டு காலும் குழிக்குள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுகிறது. மறு கை பலகையை முன்னும் பின்னும் அடிக்கிறது. நான்கு அவயவங்களும் வேலை செய்யும்போது நடுவிலே இருக்கும் உடம்பு மட்டும் அசையாமல், நெய்த துணி சுற்றும் மரத்தின் மேல் சாய்ந்தபடி, மணிக்கணக்காக நிற்கிறது. இழை அறுந்தால் இன்னும் கிட்டே குனிய வேண்டும். சாய்ந்துகொள்ளப் பின்னால் ஒன்றுமே கிடையாது. பரம்பரைத் தொழில் என்று நாம் போற்றுகிறோம். பரம்பரை முதுகுவலி என்பதையும் கூடவே சொல்லியிருக்க வேண்டும்.

தோல் ஷாப்புகளின் கதை வேறு மாதிரி. ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளிலும், சுண்ணாம்புக் குழிகளிலும் கை வைத்து உழைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள். வளைந்த மரக்கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்து, இடுப்பை மடக்கிச் சவ்வை வழிப்பது பழைய முறை. நீரில் ஊறிய மாட்டுத்தோல் எவ்வளவு கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். யந்திரங்கள் வந்து இவ்வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு விட்டன. ஆனாலும் ஈரத்தோலை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும், வழுக்கும் தரையில் இழுப்பதும் மனிதன் இடுப்பை இன்னும் விட்டபாடில்லை. படித்த குடும்பத்தாராகிய நாம் அந்த வீதியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக் கொண்டோமேயன்றி, அங்கே குனிந்து நிற்பவருடைய முதுகைப் பற்றி ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஜோடு செய்யும் பெண்கள்

1970-களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே அந்நிய நாட்டுக்கு அனுப்புவதை மத்திய சர்க்கார் கட்டுப்படுத்தியது. தோலை இங்கேயே முழுதும் பதனிட்டு, ஜோடாகவும் பையாகவும் செய்து அனுப்பினால் கூலியும் லாபமும் நம் தேசத்திலேயே தங்கும் என்பது நோக்கம். சுதேசி மனப்பான்மை உள்ள எவரும் ஆட்சேபிக்க முடியாத நோக்கம்தான். அதன் பலனாக ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில் ஜோடுத் தொழிற்சாலைகள் பெருகின. அத்தொழிற்சாலைகளில் தையல் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விவசாயம் பொய்த்த குடும்பங்களுக்கு மாதம் தவறாத சம்பளத்தைக் கொண்டு வந்தவர்கள் இவர்கள். தம்பியைக் காலேஜில் படிக்க வைத்த அக்காமார்களை இந்தப் பிரதேசத்தில் தெருவுக்குத் தெரு காணலாம்.

ஜோட்டின் மேல்பாகத்தைத் தைப்பது துணி தைப்பதைப் போன்றதல்ல. துணி விரிந்து கிடக்கும். தோலோ வளைந்து, தூண் போல் நிற்கும் யந்திரக் கம்பத்தின் மேல் ஏறி நிற்கும். ஓரத்திலிருந்து நூலிழை பிசகாமல் தையல் ஓட வேண்டும். பிசகினால் தோலில் விழுந்த துவாரத்தை அழிக்க முடியாது. ஆகவே கண் ஊசியருகே போகிறது; கண்ணின் பின்னால் தலை போகிறது; தலையின் பின்னால் கழுத்து போகிறது. மனிதத் தலையின் நிறை சுமார் 5 கிலோ. அது நிமிர்ந்திருக்கும் வரையில் கழுத்து அதைச் சுமப்பதே தெரிவதில்லை. முன்னால் 60 பாகை சாய்ந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் பாரம் 27 கிலோ வரையில் போகிறது என்று நியூயார்க் நகரத்து ஸர்ஜன் கென்னத் ஹான்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டார். அது காகிதத்தில் போட்ட கணக்குத்தான், உயிருள்ள கழுத்தில் அளந்ததல்ல. ஆனாலும் எட்டு மணி நேரம் குனிந்து தைத்தவரிடம் அந்தக் கணக்கைச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார்.

பல இடங்களில் இந்தப் பெண்களுக்கு வாய்ப்பது சாய்மானமில்லாத ஸ்டூல். உயரம் எல்லாருக்கும் ஒன்றே. நெட்டையானவள் குனிகிறாள், குட்டையானவள் தோளைத் தூக்குகிறாள். ஜோட்டுக்கு மட்டும் நம்பர் வாரியாக அளவு உண்டு. செய்பவளின் ஆசனத்துக்கு அளவு இல்லை! தொழிற்சாலையில் ஒருவருக்கு அடுத்தவர் என்று வேலை நகர்ந்து வருவதால், எழுந்து சோம்பல் முறித்தால் பின்னால் வேலை குவியும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் மறுபடி எழுந்து போக வேண்டும் என்பதற்காகத் தண்ணீரையே குறைத்துக்கொள்வது பெண் தொழிலாளிகளிடம் பல தேசங்களிலும் காணப்பட்டிருக்கும் வழக்கம். அதனால் சிறுநீர்த் தொல்லைகள் வேறு வந்து சேருகின்றன.

நின்று செய்யும் வேலைகளும் உண்டு. அச்சுக்கட்டையில் தோலை இழுத்துப் பொருத்துகிறவர்களும், வெட்டும் யந்திரத்தில் இருப்பவர்களும் நாள் முழுவதும் கால்கடுக்க நிற்கிறார்கள். பசை பூசுகிறவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1960-களில் ஜப்பானில் வீட்டிலிருந்தபடி செருப்பு ஒட்டியவர்கள், பசையிலிருந்த ஹெக்ஸேன் என்னும் ஆவியால் கை கால் நரம்பு தளர்ந்து நடக்க முடியாமல் போனார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்து மேலே செல்வோம்.

தொழிற்சாலைக்கு வெளியே, சொந்த வீட்டுத் திண்ணையில் இதே வேலையைச் செய்கிறவர்கள் இன்னொரு வகை. ஏஜெண்டு கொண்டுவந்து போடும் தோல் துண்டுகளைப் பெரிய ஊசியும் மெழுகு நூலும் கொண்டு கையாலேயே தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள். தடித்த தோலில் ஊசியைத் தள்ளித் தள்ளி விரல்கள் காய்த்துப் போகின்றன. தரையில் உட்கார்ந்து, காலை நீட்டியோ மடக்கியோ, மடியில் வைத்துத் தைப்பதால் கழுத்தும் முதுகும் வளைந்தே இருக்கின்றன. 2016-ல் இங்கிலாந்திலுள்ள சில தொழிலாளர் நல ஸ்தாபனங்களும் பெங்களூரிலுள்ள சிவிடெப் ஸ்தாபனமும் சேர்ந்து இவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அதற்குப் பிறகுதான், தாங்கள் வாங்கும் விலையுயர்ந்த ஜோட்டின் தையல் ஒரு தமிழ்நாட்டு வீட்டுக் கூடத்தில் போடப்பட்டது என்பது சீமையில் பலருக்குத் தெரிய வந்தது.

இனி, காலை ரயில் ஏறியவர்களைக் கவனிப்போம். வெயில் கிடையாது, துர்நாற்றம் கிடையாது, சுமை கிடையாது. குளிர்ச்சியான அறை, சக்கரம் வைத்த நாற்காலி. ஊரார் பொறாமைப்படும் உத்தியோகம். ஆனால் கண் இமை கொட்டுவது கம்ப்யூட்டர்த் திரையின் முன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விழியை நனைத்துக் கொண்டிருக்கும் நீர்ப் படலம் காய்ந்து, எரிச்சலும் மங்கலும் வருகின்றன. விரல்கள் ஆயிரக்கணக்கான தடவை ஒரே அசைவை அசைக்கின்றன. மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தசைநார்ப் பட்டைக்கும் இடையே உள்ள குறுகிய வழியில்தான் கைக்குச் செல்லும் முக்கியமான நரம்பு ஒன்று போகிறது. மணிக்கட்டு வளைந்தபடி ஓயாமல் உழைத்து அங்கே வீக்கம் கண்டால் அந்த நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ராத்திரி வேளையில் மரத்துப்போவது அதன் முதல் அறிகுறி. ஊசி பிடிப்பவளுக்கும் இதே நோய். நாடா இழுப்பவருக்கும் இதே நோய். தோல் தொழிலிலேயே இப்போது ஜோட்டின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள் என்பதால் ஒரே வளாகத்தில் முக்காலிக்காரியும் நாற்காலிக்காரரும் ஒரே மாதிரி கையை உதறிக் கொண்டிருப்பதைக் காணலாம்.

ராமஸ்ஸினி கண்ட குமாஸ்தா

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புது வியாதி என்று எண்ணுகிறவர்கள் இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் 1700-ல் மொதேனா நகரில் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு லத்தீன் கிரந்தம் வெளியிட்டார். நோயாளியின் நாடியைப் பிடிக்கும்போதே, "உன் தொழில் என்ன?" என்று வைத்தியன் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். தோல் பதனிடுவோர், நெசவாளர், தையற்காரர், செருப்புத் தைப்போர் எல்லாரும் அந்தக் கிரந்தத்தில் வருகிறார்கள். 1713-ல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்து வேலை செய்யும் குமாஸ்தாக்களையும் சேர்த்தார். அவர்களுடைய நோய்க்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே திசையில் அசைத்துக்கொண்டே இருத்தல், தப்பு நேரக்கூடாதே என்ற மனக்கவலை. முந்நூறு வருஷத்துக்கு முன் சொன்ன இந்த மூன்றையும் இன்றைய கம்ப்யூட்டர் ஆபீஸில் ஒன்றுகூட மாற்ற வேண்டியதில்லை. எழுதி எழுதி வலது கை விழுந்துபோன ஒருவர், இடது கையால் எழுதக் கற்று, அதுவும் விழுந்துபோன கதையையும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

கை மாற்றி எழுதியவர் என்றதும் நமக்கு மகாத்மாவின் ஞாபகம் வருகிறது. 1909-ல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது காந்தியடிகள் 'ஹிந்த் ஸ்வராஜ்' என்னும் நூலை எழுதினார். 275 பக்கங்கள் கொண்ட அந்தக் கையெழுத்துப் பிரதியில் சுமார் 40 பக்கங்கள் இடது கையால் எழுதப்பட்டவை. வலது கை ஓய்ந்தபோது இடது கைக்கு மாறினார். வலியைப் பொறுத்துக்கொண்டு அதே கையால் எழுதியிருந்தால் அவருக்கும் ராமஸ்ஸினியின் குமாஸ்தாவுக்கு நேர்ந்தது நேர்ந்திருக்குமோ, என்னவோ.

சிறு வேலை எப்படிப் பெரிய புண்ணாகிறது? இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவருக்கும் நமது வேலூருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலைக்கு வந்து, குஷ்டநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநார் மாற்றும் ரண சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர். அந்நோயாளிகளின் விரலும் பாதமும் நோயினால் அழுகி விழுகின்றன என்றே அதுவரையில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். உணர்ச்சி மரத்த பாதத்தில் நடக்கும்போது விழும் சாதாரண அழுத்தம், ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழுவதே புண்ணுக்குக் காரணம் என்று அவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். நமக்கு வலி இருப்பதால் நாம் அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். அவர்களுக்கு அது இல்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் எலிகளின் பாதத்தில் இதைச் சோதித்தும் பார்த்தார். மிதமான அழுத்தம் ஓய்வில்லாமல் தொடர்ந்தால் சிவந்து, வீங்கி, புண்ணாகிறது. எண்ணிக்கையைக் குறைத்து நடுநடுவே ஓய்வு கொடுத்தால் புண் வராமல் தோல் தடித்துப் பலப்படுகிறது.

ஓய்வு இருந்தால் பலம், ஓய்வில்லாவிட்டால் புண். உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்! வேலூரை அடுத்த கரிகிரி ஆசுபத்திரியில் மரத்த பாதங்களுக்கென்று மிருதுவான ரப்பர் செருப்புகள் செய்யப்பட்டது இந்த ஞானத்தின் பலன். தோலுக்கும் ஜோட்டுக்கும் பேர்போன ஜில்லாவில், காலுக்கு ஏற்ற செருப்பைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தார்கள். செருப்புத் தைப்பவருடைய முதுகுக்கு ஏற்ற ஆசனத்தைப் பற்றி யாரும் அவ்வளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற அம்மையார், மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போன பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை ரண சிகிச்சைகள் செய்தார். மனிதரை வேலைக்கு ஏற்றபடி வளைக்காமல் வேலையை மனிதருக்கு ஏற்றபடி அமைத்தால் என்ன சாத்தியமாகும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டுமா?

உட்கார்ந்திருப்பதன் கேடு முதுகோடு நிற்பதுமில்லை. லண்டன் நகரத்து இரட்டை மாடி பஸ்களில் ஒரே வேலை நேரம் உழைக்கும் இருவகை ஊழியர்கள் இருந்தார்கள்: உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்கள், நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்கள். ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாரடைப்பு டிரைவர்களையே அதிகமாகத் தாக்கியது தெரிந்தது. 2016-ல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களைப் பற்றிய கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினம் 60 முதல் 75 நிமிஷம் வரையில் விரைவாக நடப்பது போன்ற தேகப் பயிற்சி உள்ளவர்களுக்கு, எட்டு மணி நேர உட்காருதலால் வரும் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடுவதாகத் தெரிந்தது. ஆனால் காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புகிறவருக்கு அந்த 60 நிமிஷம் எங்கே இருக்கிறது?

எப்படி உட்கார வேண்டும் என்பதில் நிபுணர்களே ஒத்த அபிப்பிராயத்தில் இல்லை. சுவீடன் தேசத்து நாச்செம்ஸன், நிற்பதைவிட உட்கார்ந்தால் முதுகெலும்பு வட்டுகளில் அழுத்தம் அதிகம் என்று 1960-களில் அளந்து சொன்னார். 1999-ல் ஜெர்மனியில் அளந்தபோது அப்படியில்லை என்று வந்தது. இருவரும் ஒத்துக்கொண்ட விஷயம், முன்னால் குனிந்து சுமை தூக்குவது எல்லாவற்றிலும் கெடுதல் என்பதுதான். ஆகவே விறைப்பாக நிமிர்ந்து உட்கார் என்று குழந்தைகளை அதட்டுவதில் பெரிய பிரயோஜனமில்லை. எந்த நிலையானாலும் அதிலேயே நீடிக்காதே என்று சொல்வது மேல்.

ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு

வேலையை மனிதருக்குப் பொருத்தும் சாஸ்திரத்துக்கு மேல்நாட்டில் தனிப் பெயரே உண்டு. 1949-ல் இங்கிலாந்தில் அதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது. அதற்கு 20 வருஷத்துக்கு முன்பே நமது தேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நம்மவர்களே மறந்துவிட்டார்கள். 1929-ல் அகில பாரத நூற்போர் சங்கம் மேலான ராட்டினம் ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று விளம்பரம் செய்தது. அக்காலத்து ஒரு லட்சம்! ராட்டினம் எவ்வளவு நூல் நூற்க வேண்டும், என்ன விலைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்ததில் ஆச்சரியமில்லை. லேசாக, எளிதில் எடுத்துச் செல்லக்கூடியதாக, கையாலோ காலாலோ இயல்பாகச் சுற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், ஒரு ஸ்திரீ அதிக சிரமமில்லாமல் எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டதுதான் விசேஷம். யந்திரத்தின் யோக்கியதையை அளக்க, உழைக்கும் பெண்ணின் தேக சிரமத்தையும் ஓர் அளவுகோலாக வைத்தார்கள். பரிசை யாரும் பெறவில்லை. பிறகு, 1949 வாக்கில், திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதர் உண்டாக்கிய ராட்டினம் 'அம்பர் சர்க்கா' என்று தேசமெங்கும் பெயர் பெற்றது.

ஹைதராபாத்தை அடுத்த போச்சம்பள்ளிப் பகுதி நெசவாளக் குடும்பத்தில் பிறந்த சிந்தகிந்தி மல்லேசத்தின் கதையும் இந்த இனத்தைச் சேர்ந்தது. அங்கே சாயமிடுவதற்கு முன் இழையை ஆணிகளின் மேல் கையால் சுற்ற வேண்டும். ஒரு சேலைக்குச் சுமார் 9,000 தடவை கை முன்னும் பின்னும் போய் வர வேண்டும். தாயார் லக்ஷ்மியம்மாள் தோள்வலியால் துடிப்பதைப் பார்த்த மகன், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், பல வருஷங்கள் முயன்று 1999-ல் அந்த வேலையைச் செய்யும் யந்திரத்தை அமைத்தார். தாயின் பெயரையே அதற்கு வைத்தார். 2017-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. வாலாஜாபேட்டைத் தறிக்குழிக்கு இப்படி ஒரு மகன் இன்னும் கிடைக்கவில்லை.

சட்டமும் ஸ்டூலும்

இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பிறந்தபோது, பின்னி ஆலைத் தொழிலாளிகளின் முக்கியமான குறைகளில் ஒன்று மத்தியான இடைவேளை போதவில்லை என்பது. அள்ளிப் போட்டுக்கொண்டு யந்திரத்துக்கு ஓட வேண்டியிருந்தது. நமது தொழிலாளர் இயக்கமே ஓய்வு வேண்டும் என்ற கோரிக்கையில் ஆரம்பித்தது என்று சொன்னால் தவறாகாது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்கள் சந்தர்ப்பம் கிடைத்தபோது உட்காருவதற்குத் தகுந்த வசதி வேண்டும் என்றது. 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை, கடைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே தீர வேண்டியிருந்த பெண்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. அதற்கு 2018-ல் வழிகாட்டியது கேரளம். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் தினம் 12 மணி நேரம் வேலை வாங்க இடந்தரும் மசோதா ஒன்று இதே சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று கைவிடப்பட்டதாக முதல் மந்திரி அறிவித்தார். எட்டு மணி நேரக் குனிவே எவ்வளவு என்பதை மேலே கண்டோம்.

ஸ்டூல் உண்டா இல்லையா என்றுதான் நம்முடைய சட்டங்கள் அதிகமும் கேட்டிருக்கின்றன. அந்த ஸ்டூல் எவ்வளவு உயரம், சாய்மானம் உண்டா, உட்காருபவர் தம் உயரத்துக்கு அதை மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்விகளில்தான் முதுகின் தலைவிதி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1990-லேயே, திரை முன் வேலை செய்பவருக்கு இடைவேளையும் கண் பரிசோதனையும் முதலாளியின் கடமை என்று விதி செய்துவிட்டன. ஐரோப்பியர் அணியும் ஜோட்டின் தரத்தைச் சோதிக்க ஆம்பூர் வரையில் ஆள் அனுப்புகிறவர்கள், ஸ்டூலின் உயரத்தையும் ஒரு நாடாவை வைத்து அளந்தால் குடிமுழுகிப் போய்விடாது.

வீட்டில் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர் இருக்கும் குடும்பத்தார் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2020-க்குப் பிறகு பலர் வீட்டிலேயே, கட்டிலில் சாய்ந்து மடியில் யந்திரத்தை வைத்துக்கொண்டு, பத்து மணி நேரம் உழைக்கிறார்கள். மடிக் கம்ப்யூட்டரின் தோஷம், திரையும் எழுத்துப் பலகையும் ஒட்டிப் பிறந்திருப்பது. கைக்குச் சரியாக வைத்தால் கழுத்துக்குத் தாழ்வு, கழுத்துக்குச் சரியாக வைத்தால் கைக்கு உயரம். வீட்டில் தடித்த அகராதியோ பழைய பைண்டு புத்தகமோ இருந்தால் அதன்மேல் யந்திரத்தை ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி செய்து, தனியாக ஓர் எழுத்துப் பலகையை வாங்கிக் கீழே வைத்துக் கொள்ளலாம். திரை ஒரு கைநீளத் தூரத்தில் இருக்கட்டும். முழங்கை உடம்போடு ஒட்டி, மேஜை மட்டத்தில் இருக்கட்டும். கால் தரையில் படியாவிட்டால் பூஜை அறையில் சும்மா கிடக்கும் மணையை எடுத்துக் காலுக்குப் போடுங்கள். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்திலுள்ள ஏதாவது ஒன்றை 20 விநாடி பார்ப்பது கண்ணுக்கு நல்லது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தால் உத்தமம். தண்ணீர்க் கூஜாவை மேஜைமேல் வைக்காமல் அடுத்த அறையில் வைத்தால் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்தாக வேண்டியிருக்கும்.

விரல் மரத்துப்போவது இரண்டு வாரம் நீடித்தால் தைலம் தடவிக்கொண்டு காலந்தாழ்த்தக் கூடாது; நசுங்கிய நரம்பு வெகுநாள் கழித்து விடுபட்டால் முழுதும் மீளாது. முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ, தெரியாமல் போனாலோ, அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

திண்ணையில் ஜோடு தைக்கும் பெண்களுக்கும் இதில் சிலவற்றைச் சொல்லலாம்: முதுகைச் சுவரில் சாய்த்துக் கொள்ளலாம், மடியில் தலையணை வைத்து வேலையைக் கண்ணருகே உயர்த்தலாம், ஊசியைத் தள்ளத் தோல் உறை மாட்டிக் கொள்ளலாம், வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து உட்காரலாம். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்வதற்குத்தான் நமக்கு வாய் வரவில்லை. மாதச் சம்பளக்காரர் எழுந்து நடந்தால் சம்பளம் குறைவதில்லை. ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவள் எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவள் கூலியிலிருந்தே கழிகிறது. அவளுக்கு ஓய்வு கொடுக்க வைத்தியரால் ஆகாது. ஜோடிக் கூலியை நிர்ணயிப்பவர்கள், ஒருத்தி நாளில் இத்தனை தடவை எழுந்து உட்காருவாள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை ஏஜெண்டு போடப் போவதில்லை. அவருக்கு மேலே தொழிற்சாலையும், அதற்கும் மேலே கடல் கடந்த கடைக்காரரும் இருக்கிறார்கள்.